பன்னிரண்டு எம்.எம். கட்டை

நிரஞ்சன் அம்மாவுக்கு,

உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை பாருங்கள். சனிக்கிழமை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் கார் பார்க்க வந்தபோது, நீங்கள் "நிரஞ்சா, கையை எடு, நிரஞ்சா, இறங்கு" என்று பையனை அதட்டிக்கொண்டே இருந்தீர்கள். அவன் பெயர் மட்டும் மனதில் நின்றுவிட்டது. என்னையும் இப்போது யாரும் மிருதுளா என்று கூப்பிடுவதில்லை, பாப்பா அம்மாதான். அதனால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இதை டேஷ்போர்டு பெட்டியில் ஆர்.சி. புத்தகத்துக்குள் வைக்கப்போகிறேன். மேலே உங்களுக்கு என்று எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் முதலில் படித்தாலும் பரவாயில்லை, ஆனால் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

கார் நல்ல கார். கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். எஞ்சின், பிரேக், கியர் எதிலும் ஒரு குறை கிடையாது. என் வீட்டுக்காரர் கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறவர். தன் கைப்படப் பார்க்காமல் ஒரு நட்டைக்கூட விட மாட்டார்.

சொல்ல வந்தது ஆக்சிலேட்டரைப் பற்றி. அந்தப் பெடலின் மேல் ஒரு அலுமினியக் கட்டை மாட்டியிருந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கவனித்தார். குனிந்து பார்த்துவிட்டு, "சார், ரேஸ் ட்ராக்குக்குப் போன வண்டிங்களா?" என்று கேட்டார். அப்போது அவர் முகம் இருந்ததே, அந்த முகம் எனக்குத் தெரியும். நீங்கள் சிரித்துக்கொண்டே, "இவருக்கு இதே பைத்தியமுங்க" என்றீர்கள். நானும் ஒரு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் சிரித்தேன், அதே வார்த்தையைச் சொல்லிச் சிரித்தேன்.

ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவர் சாவியைக் கேட்டபோது, "இன்னைக்கு வேண்டாங்க, டயர்ல காத்து இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். காற்று இருந்தது, விற்பதற்காகப் போன வாரம்தான் புது பேட்டரி போட்டுக் காற்றும் அடித்திருந்தோம். கட்டை இருந்ததால்தான் அப்படிச் சொன்னார்.

வியாழக்கிழமை நீங்கள் வண்டி எடுக்க வருவதற்குள் அதைக் கழற்றியாக வேண்டும். யார் கழற்றுவது என்பதுதான் இந்த வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு. பேச்சு என்றால் பெரிய பேச்சு ஒன்றுமில்லை. அவர் "கழட்டணும்" என்பார். நான் "ஆமாங்க" என்பேன். அதோடு சரி.

அதைக் கழற்றிவிட்டால் மட்டும் போதாது, அது எதற்கு அங்கே வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரரும் ஒரு நாள் இந்தக் கால் வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் போகிறார். முழுக்கச் சொல்லிவிட்டுக் கடைசியில் உங்களுக்கு ஒரு யோசனையும் சொல்கிறேன். ஒரு அம்மா இன்னொரு அம்மாவுக்குச் சொல்வது.

பாப்பா பிறந்து ஒன்பதாவது மாதம். இவர் பட்டறைக்காரச் சிநேகிதர் யாரோ சொல்லி, புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கான ஒரு நாள் பயிற்சி என்று ட்ராக்குக்குப் போனார். ஒரு நாள்தானே என்று நானும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்து அனுப்பினேன். என் மாமியார்தான், "பதினஞ்சு வருஷமா கார் ஓட்டறவனுக்கு மறுக்கா எதுக்குடா பள்ளிக்கூடம்? எல்போர்டு மாட்டி உடுவாங்களா?" என்று கேட்டார். "ஆமாம்மா, நீயும் வா, பின்னாடி உக்காந்து ஹாரன் அடி" என்றார் இவர்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வெயிலில் கறுத்து, தலையெல்லாம் புழுதி, சட்டையில் புல். "புல் எப்படிங்க வந்துச்சு?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு வளைவில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கியிருக்கிறார். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு உதறு உதறித் திசை தப்பி, புல்லுக்குள் போய் அரைவட்டம் அடித்து நின்றுவிட்டதாம். யாருக்கும் ஒன்றுமில்லை. எல்லோரும் கை தட்டினார்களாம்.

எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"அது என்ற தப்பு மிருது. கியரை இறக்கறப்ப எஞ்சினுக்கும் கொஞ்சம் வேகம் குடுக்கணும். இல்லாட்டி சக்கரத்தப் புடிச்சு இழுக்கும்" என்று தரையில் உட்கார்ந்து காட்டினார். வலது காலின் முன்பகுதி பிரேக்கில் இருக்க வேண்டுமாம். பிரேக்கை விடாமலே, அதே காலின் ஓரத்தால் பக்கத்தில் இருக்கும் ஆக்சிலேட்டரை ஒரு சுண்டு சுண்ட வேண்டுமாம். இடது கால் கிளட்சில், கை கியரில். எல்லாம் ஒரு நொடிக்குள். இதை எழுதும்போதே தோன்றுகிறது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோசை திருப்புகிற நமக்கு இது புரியாதா என்ன? ஒரு காலுக்கு இரண்டு வேலை, அவ்வளவுதான்.

ஆனால் அன்று எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. வண்டி சுற்றியிருக்கிறது. அடுத்த தடவை புல்லுக்குப் பதிலாக வேறு ஏதாவது இருக்கும்.

நான் படித்தது கான்வென்ட்டில். ஆணையிட்டுச் சத்தியம் செய்வது பாவம் என்று சிஸ்டர் பெர்னதெத் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆம் என்றால் ஆம் என்று சொல், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்பார். பன்னிரண்டு வருஷம் கேட்ட பாடம். இருந்தாலும் அன்று எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"இத ரோட்ல கத்துக்குங்க. என் கண்ணு முன்னால, மெதுவா ஓட்டிக் கத்துக்குங்க. அது வந்ததுக்கப்புறம்தான் மறுபடி ட்ராக்குக்குப் போவேன்னு சொல்லுங்க."

"சரி. போதுமா?"

"பாப்பா தலைல கை வச்சுச் சொல்லுங்க."

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "ஏம் மிருது, இதெல்லாம் எதுக்கு? கான்வென்ட்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

நான் பாப்பாவை அவர் பக்கம் நீட்டினேன். தலையில் கை வைத்தார், சொன்னார். பாப்பா அவர் சட்டையில் ஒட்டியிருந்த புல்லைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை தலையில் கை வைத்துச் சொன்னதை மீறுகிற ஆள் இல்லை. சாமி கும்பிட மாட்டார், ஜாதகம் பார்க்க மாட்டார், ஆனால் இதை மீற மாட்டார். அது தெரிந்துதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளம்பிவிடுவோம். சத்தி ரோட்டைத் தாண்டி உள்ளே ஒரு வீட்டுமனை லேஅவுட். வாசலில் பெரிய வளைவு, உள்ளே தார் ரோடு, ரோட்டின் இரண்டு பக்கமும் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள். ஒரு வீடு கிடையாது, ஆளும் கிடையாது. பாப்பாவைப் பின்சீட்டில் அவள் நாற்காலியில் போட்டுப் பெல்ட் கட்டிவிட்டு, நான் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். நான்தான் கணக்குச் சொல்வேன். "பிரேக்... கிளட்ச்... சுண்டு... கியர்... விடு." பள்ளிக்கூட மார்ச்பாஸ்ட் மாதிரி.

சுண்டவே வராது. கால் காற்றில்தான் அடிக்கும். பிரேக் பெடல் மேலே நிற்கும், ஆக்சிலேட்டர் கீழே இருக்கும், பாதத்தின் ஓரம் அங்கே எட்டாது. அவர் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் வண்டி முன்னால் குனியும், பாப்பாவின் தலை ஆடும். "மெதுவாங்க, மெதுவா. பாப்பா முழிச்சுக்குவா" என்பேன். உடனே காலைத் தளர்த்திவிடுவார்.

வீட்டில் அதைவிட வேடிக்கை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பால் பவுடர் டப்பாவையும் சோப்பு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மிதித்துக்கொண்டே சாப்பிடுவார். மாமியார், "ஏங் கண்ணு, என்ற மகனுக்குக் காலு நடுங்குதே, டாக்டருகிட்டக் காட்டுனியா?" என்று என்னைக் கேட்பார். தூக்கத்தில்கூட அவருடைய வலது கால் என் கெண்டைக்காலைச் சுண்டும். எரிச்சலாக இருக்கும். ஒரு தடவை கிள்ளிவிட்டிருக்கிறேன்.

மூன்று ஞாயிறு ஆகியும் வராததால், என்னையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு அவருக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போனார். ஷெரின் என்று பெயர். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள், காலில் காகிதம் மாதிரி மெல்லிய ஷூ. பயிற்சி கொடுப்பவர் என்றால் ஆண் என்று நான் ஏன் நினைத்துக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை. இவரும் சொல்லியிருக்கவில்லை. அதை விடுங்கள்.

அவள் என்னிடம்தான் சொன்னாள். "அக்கா, இத ரோட்ல மெதுவா ஓட்டிக் கத்துக்கவே முடியாது. லேசா மிதிச்சா பிரேக் பெடல் மேலயே நிக்கும். பயப்படாம முழுசா மிதிச்சாத்தான் அது இறங்கி ஆக்சிலேட்டர் மட்டத்துக்கு வரும். ரெண்டும் ஒரே மட்டம் ஆனாத்தான் கால் எட்டும். அதுக்குத்தான் ட்ராக். இங்க எதிர்ல யாரும் வர மாட்டாங்க. அண்ணாவ அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேனாம்.

இவர் என்னைப் பார்த்தார். நான் பாப்பாவின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது, "அவளுக்கு ஒரு குழந்தை இருந்தா அப்படிப் பேசுவாளா?" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார். அடுத்த ஞாயிறு லேஅவுட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மிருது, ஒரே ஒரு தடவ. நீயும் பாப்பாவும் இறங்கி அந்த வேப்பமரத்தடில நில்லுங்க. நான் தனியா முழுசா மிதிச்சுப் பாக்கறேன்."

"மெதுவான்னு சொல்லியிருக்கீங்க. பாப்பா தலைல."

"ஆமா. சொல்லியிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அன்று வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

ஐந்தாவது ஞாயிறுதான் கட்டையோடு வந்தார். பட்டறையில் அவரே அறுத்து, அவரே துளை போட்டு, கால் வழுக்காமல் இருக்க மேலே வரி வரியாகக் கீறி, ஓரமெல்லாம் ராவி வழவழவென்று ஆக்கியிருந்தார். பன்னிரண்டு எம்.எம். கனம். அதை ஆக்சிலேட்டர் மேல் இரண்டு போல்ட் போட்டு மாட்டினால், அது பிரேக் உயரத்துக்கு வந்துவிடும், பிரேக்குக்குப் பக்கத்திலும் வந்துவிடும். மெதுவாக மிதித்தாலே கால் இரண்டையும் தொடும்.

அதை ஏன் மாட்டினார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை நிரஞ்சன் அம்மா. காலைப் பழக்குவதை விட்டுவிட்டு இரும்பை மாற்றுகிற புத்தி. பட்டறைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். கதவு சாத்தவில்லை என்றால் நிலையைச் செதுக்குவார்கள், மூடி பொருந்தவில்லை என்றால் வாஷர் போடுவார்கள். எங்கள் வீட்டுக் குக்கருக்குக்கூட இவர் கடைந்த பிடிதான். எது இடித்தாலும் எது எட்டாவிட்டாலும் எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போய்விட வேண்டியது.

ஆனால் அன்று அது வந்துவிட்டது. நான் கணக்குச் சொன்னேன். பிரேக், கிளட்ச், சுண்டு. எஞ்சின் ஒரு குரல் கொடுத்தது. கியர் விழுந்ததே தெரியவில்லை. வண்டி வெண்ணெய் மாதிரி இறங்கியது. மறுபடி செய்தார். மறுபடியும். பின்னால் பாப்பா ஒவ்வொரு குரலுக்கும் கை தட்டினாள். இவர் வண்டியை நிறுத்தி, பின்னால் திரும்பி, அவள் தலையில் கை வைத்தார்.

"கண்ணு, அப்பா ரோட்ல கத்துக்கிட்டேன். உங்கம்மா முன்னால, மெதுவா. சரியா?"

கண் கலங்கியிருந்தது. ஒரு ஆணுக்கு இதற்கெல்லாமா கண் கலங்கும் என்று நான் கேலி செய்தேன்.

ட்ராக்குக்குப் போகும்போது அதைக் கழற்றிவிடுவேன், அங்கே இந்த மாதிரி வைத்துக்கொள்ள விட மாட்டார்கள் என்றார். லேஅவுட்டில் கை பழகும்வரை இரண்டு மூன்று வாரம் மட்டும். அதுவும் ஞாயிறு காலை மாட்டுவார், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவார். நான் அந்தக் காரை வார நாளில் எடுப்பேன் என்பதால். பத்து நம்பர் ஸ்பேனர், இரண்டு போல்ட், நாலு நிமிஷ வேலை. ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அந்த ஒரு ஞாயிறு மட்டும் கழற்ற மறந்துவிட்டார்.

அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். லேஅவுட்டிலிருந்து வரும்போதே உடம்பு கொதித்தது. அவசரத்தில் காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். மாமியார் ஈரத் துணிக்கு ஓடுகிறார், நான் மருந்து பாட்டிலைத் தேடுகிறேன், இவர் வெளியே கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டுக் குனிந்து நிற்கிறார். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். மூன்று தடவை கத்தினேன். "ஏங்க, அந்த இரும்பையே கட்டிக்கிட்டு அழாதீங்க, உள்ள வாங்க!" ஓடி வந்தார். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் பாப்பாவை வாங்கிக்கொண்டார். அப்புறம் எங்கள் யாருக்கும் கார் ஞாபகமே இல்லை.

காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. ஏழு மணிக்குத் தெருவில் தண்ணீர் லாரி ஹாரன். எங்கள் கார் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. பாப்பா பாட்டி இடுப்பில் இருந்தாள். இவர் லுங்கியோடு கேட்டைத் திறக்க ஓடினார். "மிருது, நீயே உள்ள எடுத்து விட்டுடு" என்றார்.

காலில் வீட்டு ரப்பர் செருப்பு. வண்டியைத் திருப்பி, கேட்டுக்கு முன்னால் இருக்கும் சாய்வில் ஏற்றினேன். ஏறியதும் நிறுத்த வேண்டும். பிரேக்கை மிதித்தேன். நான் பிரேக்கைத்தான் மிதித்தேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், பிரேக்கைத்தான் மிதித்தேன். செருப்பின் ஓரம் கட்டை மேல் இருந்திருக்கிறது. வண்டி நிற்காமல் உறுமியது. பயந்து இன்னும் அழுத்தினேன். அழுத்த அழுத்தப் போனது. ஒரு முழம், அதிகம் போனால் இரண்டு முழம். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் வலது பாதத்தில் முன்சக்கரம் ஏறி, தூணோடு வைத்துத் திருகிவிட்டது.

அவர் கத்தவில்லை. "ஆஃப் பண்ணு. சாவியத் திருப்பு. மிருது, சாவி" என்று மெதுவாகத்தான் சொன்னார். பாப்பாதான் அழுதாள்.

மூன்று ஆபரேஷன். கணுக்காலில் பிளேட் வைத்து ஏழு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "டாக்டர், சொல்லியிருந்தா இத நானே இன்னும் ஃபினிஷிங்காக் கடைஞ்சு குடுத்திருப்பேனே" என்றார். டாக்டர் சிரித்தார். கணுக்கால் இனி மடங்காது. நடக்கலாம், கோலோடு. பெடல் மிதிக்க முடியாது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் கேட்டார்கள். "ஏனுங் மாப்ள, புள்ளைக்கு வண்டி சரியா ஓட்டத் தெரியாதுங்களா?" அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னார். "அவ மேல ஒண்ணும் இல்லீங்க. நான்தான் கட்டையக் கழட்ட மறந்துட்டேன்." என் அப்பாவிடம் சொன்னார், மாமியாரிடம் சொன்னார், ஷெரின் பழம் வாங்கிக்கொண்டு வந்தபோது அவளிடமும் சொன்னார். அவள் 'கட்டையா?' என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு அவர் சொல்வது ஆறுதலாக இருந்தது. உண்மையும் அதுதானே.

பதினோரு மாதமாக வண்டி அப்படியே நிற்கிறது. கட்டையும் அப்படியே. அவரால் அவ்வளவு குனிய முடியாது. எனக்கு அந்தக் கதவைத் திறக்கவே பயம். எனக்கு இப்போது எல்லாவற்றுக்கும் பயம். தெருவில் ஒரு வண்டி உறுமினால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடுகிறேன். அவள் கேட் பக்கம் போனால் அடிக்கிறேன். இரண்டு வயதுக் குழந்தையை அடிக்கிறேன். படுக்கையில் அவருடைய வலது கால் ஒரு கட்டையைப் போல அப்படியே கிடக்கிறது. அது என்னைச் சுண்டாதா என்று என் காலை அதன் மேல் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். பாப்பா தூங்கிய பிறகுதான் என்னால் எழுத முடியும், அவள் எழுந்துவிட்டாள். இன்று புதன்கிழமை. நாளைக்கு நீங்கள் வருகிறீர்கள்.

இன்று மத்தியானம் அவர் ஃபிரிட்ஜ் மேலிருந்து ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆம், அது அங்கேயேதான் இருந்தது, துடைக்கும்போதெல்லாம் அதைச் சுற்றித்தான் துடைப்பேன். "வா. நான் சொல்றேன், நீ கழட்டு" என்றார்.

பாப்பாவுக்கு அந்தக் காரில் உட்காருவது பிடிக்கும். பின்சீட்டில் ஏறி அவளுடைய மஞ்சள் வாத்து ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே தூங்கிவிட்டாள். அந்த ஸ்டிக்கரை எடுக்காமல் விட்டிருக்கிறேன், நிரஞ்சனுக்குப் பிடித்தால் இருக்கட்டும். இவர் திறந்த கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டேன்.

"இடது பக்கம் திருப்பு."

"திருப்பறேன், வரலீங்க."

"அது வலது. கான்வென்ட்ல லெஃப்ட் ரைட்டுனு மார்ச்சிங் போனவதான நீ?"

பதினோரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன். இரண்டு போல்ட்டும் வந்துவிட்டன. கட்டை என் உள்ளங்கையில் அடங்கியது, கனமே இல்லை. அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன்.

"ஸ்டார்ட் பண்ணு. ரெண்டு பெடலும் சரியாத் திரும்புதான்னு பாத்துரலாம். நியூட்ரல்தான், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கு. ஒண்ணும் ஆகாது."

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். எஞ்சின் வந்தது.

"பிரேக்க மிதி."

"மிதிச்சுட்டேங்க."

"இது மிதியா? பயப்படாம முழுசா மிதி."

மிதித்தேன். என் வாழ்க்கையில் நான் ஒரு பிரேக்கை அப்படி மிதித்ததில்லை. பெடல் இறங்கியது, இறங்கி ஓரிடத்தில் நின்றது. என் பாதத்தின் ஓரத்தில் வேறு ஒன்று பட்டது. ஆக்சிலேட்டர். நான் தேடவில்லை, அது பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் ஒரே தரை மாதிரி. என் கால் தானாகச் சுண்டியது. எஞ்சின் ஒரு குரல் கொடுத்து அடங்கியது.

"ஏங்க, ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வருதுங்க."

"வரும்."

"கட்டை இல்லாமயே வருதுங்க."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

கோலைத் தரையில் ஊன்றி ஊன்றி எடுத்துக்கொண்டிருந்தார். "ஷெரின் சொன்ன அன்னைக்குச் சாயங்காலம் பட்டறை வாசல்ல வண்டிய நிறுத்தி வச்சு மிதிச்சுப் பாத்தேன். எட்டுச்சு."

"அப்புறம் கட்டை எதுக்குங்க?"

அவர் பின்சீட்டைப் பார்த்தார். பாப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கை திறந்திருந்த பின்ஜன்னல் வழியாக அவள் தலையை நோக்கிப் போய், பாதியில் நின்று, சீட்டின் மேல் விழுந்துகொண்டிருந்த வெயிலை மறைக்கிற மாதிரி அப்படியே இருந்தது.

"பாப்பா தூங்கறா. கதவ மெதுவாச் சாத்து" என்றார்.

மெதுவாகச் சாத்தினேன்.

அவ்வளவுதான் நிரஞ்சன் அம்மா. கட்டை வண்டியில் இல்லை, என்னிடம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு அழுத்தி வேண்டுமானாலும் மிதிக்கலாம்.

கடைசியில் ஒரு யோசனை சொல்வதாக எழுதியிருந்தேன் இல்லையா. அந்த வரியை நேற்றே யோசித்து வைத்திருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் ட்ராக்குக்குப் போகிறேன் என்றால், முதலில் நிரஞ்சன் தலையில் கை வைத்து, என்று ஆரம்பிக்கும். இந்தத் தாளின் அடியில் மூன்று இடத்தில் அடித்திருப்பது அதுதான். வெளிச்சத்தில் பிடித்துப் படித்துப் பார்க்காதீர்கள்.

நாளைக்கு வண்டியை எடுக்கும்போது நீங்கள் மூவரும் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். இவர் எழுந்து வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேட்டை நான் திறந்து பிடித்துக்கொள்கிறேன்.

மிருதுளா